மேடைக்கு ஒரு பிள்ளையைக் கேட்காதீர்கள்

நவம்பர் 25ஆம் திகதி பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச தினம். அன்று தொடங்கி மனித உரிமைகள் தினமான டிசம்பர் 10 வரை திருகோணமலையிலும் ஊர்வலம், கருத்தரங்கு, வீதி நாடகம் என்று நிகழ்ச்சிகள் நடக்கும். அந்தக் காலம் நெருங்கும்போது உளவளத்துணையாளர்களான எங்களுக்கு ஓர் அழைப்புத் தவறாமல் வரும்: "மிஸ், பாதிக்கப்பட்ட பிள்ளை ஒராளை ஒழுங்கு செய்து தர ஏலுமா? பத்து நிமிசம் கதைச்சால் போதும்." இம்முறை அழைத்தவர் ஒரு படி மேலே போய், "கொஞ்சம் அழக்கூடிய ஆளெண்டால் சபைக்கு உறைக்கும்" என்றார். பொறுமை போனதால் இதை எழுதுகிறேன்.

பாலியல் வன்புணர்வுக்கு உள்ளானவர்கள் பொதுவெளியில் பேசுவதற்கு நான் எதிரானவள் அல்ல. கணவரே மயக்க மருந்து கொடுத்து, அந்நிய ஆண்களை அழைத்து மனைவியை வன்புணரச் செய்ததாகப் பிரான்ஸின் அவின்யோன் நகரில் 2024இல் நடந்த வழக்கில், அந்த மனைவியான ஜிசெல் பெலிக்கோ, மூடிய மன்றில் விசாரணை நடத்தும்படி கேட்கும் உரிமை இருந்தும் அதை வேண்டாமென்று திறந்த மன்றில் நின்றார். குற்றஞ்சாட்டப்பட்ட 51 ஆண்களும் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். ஆனால் அவரை யாரும் நிகழ்ச்சி நிரலுக்காக ஒழுங்கு செய்யவில்லை. அவருக்குச் சட்டத்தரணிகள் துணை இருந்தார்கள், முடிவும் அவருடையதாக இருந்தது. "அந்த அம்மா பேசினாதானே" என்று இங்கே பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது, "வெளியே கொட்டினால் மனப்பாரம் இறங்கிவிடும்" என்ற நம்பிக்கை. படித்தவர்களும் அதிகாரிகளும், ஏன், சில வேளைகளில் எங்கள் துறையில் உள்ளவர்களும்கூட இதைச் சொல்கிறார்கள். குழாயைத் திறந்துவிட்டால் காலியாகிவிடுவதற்கு மனம் தண்ணீர்த் தாங்கி அல்ல. சிகிச்சையிலும் நடந்ததைப் பேசுகிறோம்தான். ஆனால் அது வாரக்கணக்கில், கதவு சாத்திய அறையில், உடல் பதறும்போது அதைத் தணிக்கும் வழியை முதலில் பழக்கிய பிறகு, எங்கே நிறுத்துவது என்பதைப் பேசுபவரே தீர்மானிக்கும்படி நடக்கிறது. மேடையில் நேரத்தை ஏற்பாட்டாளர் தீர்மானிக்கிறார், கேட்பவர்கள் யாரென்று தெரியாது, முன்வரிசையில் தொலைபேசிகள் உயர்ந்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையோர முகாம்களில் வருகிற குழுவுக்கெல்லாம் இழப்பைத் திரும்பத் திரும்ப ஒப்புவித்தவர்களை அறிந்த எங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லவும் வேண்டியதில்லை. வழக்குப் போட்ட ஒரு பெண் பொலிஸாரிடமும், சட்ட வைத்திய அதிகாரியிடமும், பின்னர் நீதிமன்றத்திலும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. பாரம் இறங்குவதானால் அங்கேயே இறங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது, "பெயரை மாத்திட்டம், முகத்தை மறைச்சிட்டம்" என்ற சமாதானம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே இதைச் சொல்கிறேன். கரையோரக் கிராமம் ஒன்றில் எடுத்த விழிப்புணர்வுக் காணொளியில் பெண்ணின் முகத்தை முற்றாக மறைத்திருந்தார்கள். ஆனால் அவர் அமர்ந்திருந்த முற்றத்தில் தகப்பனின் படகு நின்றது, அதன் பதிவிலக்கம் பளிச்சென்று தெரிந்தது, குரலும் மாற்றப்படவில்லை. அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. குச்சவெளியோ மூதூரோ கிண்ணியாவோ, நம் ஊர்களில் தகப்பனின் தொழிலும் பாடசாலையும் தெரிந்தாலே பிள்ளையின் பெயர் தெரிந்த மாதிரித்தான்.

இது பண்பு சார்ந்த விடயம் மட்டுமல்ல. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 365சி பிரிவின்படி, பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியவரக்கூடிய எதையும் அவருடைய எழுத்துமூல அனுமதியின்றி வெளியிடுவது இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தலையசைப்பு எழுத்துமூல அனுமதி ஆகாது. வழக்கு நிலுவையில் இருக்குமானால், மேடையில் சொன்னதற்கும் பொலிஸ் வாக்குமூலத்துக்கும் இடையிலான சிறு வேறுபாட்டையும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி விடமாட்டார். சட்டத்தரணியைக் கேட்காமல் யாரையும் ஒலிவாங்கி முன் நிறுத்தாதீர்கள்.

சபைக்கு உறைக்க வேண்டுமானால் அதிகாரிகளை மேடையேற்றி, அவர்களைப் பதில் சொல்ல வையுங்கள். உடலில் காயம் இல்லை என்பதற்காகச் சம்மதம் இருந்ததாக ஆகாது என்று 1995 முதல் சட்டம் சொல்வதை எத்தனை பேர் அறிவார்கள்? குளிக்காமல், உடையைக் கழுவாமல் கடதாசிப் பையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும், எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்க வேண்டும் என்பதையும், கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு அதிகபட்சம் ஐந்து நாட்களே உண்டு என்பதையும் எந்த ஊர்வலப் பதாகையிலும் நான் கண்டதில்லை. இவற்றைச் சொல்ல யாரும் அழ வேண்டியதில்லை.

பேசத்தான் வேண்டும் என்று பாதிக்கப்பட்டவரான நீங்களே முடிவு செய்திருந்தால், உங்களுக்கும் சில வார்த்தைகள். எதைச் சொல்லமாட்டீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள். கேள்விகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்; பதிவு செய்வதா இல்லையா என்பது உங்கள் தீர்மானமாக இருக்கட்டும். அன்றிரவு தனியே இருக்க வேண்டாம். பலருக்கும் கஷ்டம் தொடங்குவது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான். துணைக்கு ஆளில்லையென்றால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழைக்கலாம், அல்லது வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவ அரச மருத்துவமனைகளில் இயங்கும் மிதுரு பியச நிலையத்தை நாடலாம். கடைசி நிமிடத்தில் மனம் மாறினாலும் போகாமல் இருந்துவிடுங்கள், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஏற்பாட்டாளர் விடாமல் கேட்டால் உங்கள் உளவளத்துணையாளரிடம் பேசச் சொல்லுங்கள். அவருக்குப் பதில் சொல்வது எங்கள் வேலை.