ஓடுகிற டேபிளில் நேரடியாகக் கை வைக்காதீர்கள்

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் வந்துவிட்டால் பெங்களூரா காய் ஏற்றிய வண்டிகள் கூழ் ஃபேக்டரி வாசல்களில் ராத்திரி பகலாக வரிசையில் நிற்கும். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ஜூன் மாதக் காலையில், நான் அடித்த ஒற்றை வரி ஓர் எடைமேடையை இருபத்தைந்து நிமிடம் முடக்கிவிட்டது.

ஃபேக்டரியின் எடைச்சீட்டு மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டது சின்ன வேலைதான். அழுகல், அடிபட்ட காய் என்று கழிக்கும் எடையைச் சீட்டில் தனியாகக் காட்ட வேண்டும். டேட்டாபேஸில் எடைச்சீட்டுகள் பதிவாகும் டேபிளில், அதாவது அட்டவணையில், ‘கழிவு’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும். டெர்மினலைத் திறந்தேன், ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் சர்வரிலேயே, டேபிளின் அமைப்பை மாற்றும் ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையை அடித்து எண்டர் தட்டினேன். கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பெரிய டேபிள், கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று காத்திருந்தேன். அதற்குள் எடைமேடைப் பையன் போன் செய்துவிட்டான். “சார், சீட்டு வரமாட்டேங்குதுங்க. ஸ்கிரீன் அப்படியே நிக்குது. வண்டியெல்லாம் ரோடு வரைக்கும் வந்திடுச்சு.”

நடந்தது இதுதான். நெடுவரிசை சேர்க்க போஸ்ட்கிரஸுக்கு அந்த டேபிளின் முழுப் பூட்டு, அதாவது அந்த நேரத்தில் வேறு யாரும் அதைத் தொடாதபடி தடுக்கும் உரிமை, வேண்டும். யாராவது அதைப் படித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பூட்டு கிடைக்காது. கணக்குப் பிரிவில் ஒருவர் முழு மாத அறிக்கையை ஓடவிட்டிருந்தார். என் கட்டளை அவருக்குப் பின்னால் நின்றது. சரி, அவர் முடிக்கும்வரை நான்தானே காத்திருக்கப் போகிறேன் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். முழுப் பூட்டுக்காக ஒரு கட்டளை வரிசையில் நின்றுவிட்டால், அதற்குப் பின் வருகிற ஒவ்வொரு கட்டளையும், வெறுமனே படிக்க வந்தது உட்பட, அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். எடைமேடையின் சீட்டுகள் அத்தனையும் என் ஆல்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. நான் கண்ட்ரோல்-சி அழுத்தி என் கட்டளையை நிறுத்தியிருந்தால் அந்த நொடியே வரிசை கலைந்திருக்கும். அது எனக்கு அப்போது தெரியவில்லை. அறிக்கை முடிந்து பூட்டு கிடைத்த பிறகு, நெடுவரிசை சேர்க்கும் வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. 2018-இல் வந்த போஸ்ட்கிரஸ் 11-இலிருந்து, மாறாத ஒரு மதிப்பை இயல்புமதிப்பாக (டீஃபால்ட்) கொடுத்து நெடுவரிசை சேர்த்தால் டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படுவதில்லை. அத்தனை நேரமும் போனது பூட்டுக்காகக் காத்திருந்ததில் மட்டும்தான்.

அன்றிலிருந்து ஸ்கீமாவை, அதாவது டேபிள்களின் அமைப்பை, மாற்றும் எந்தக் கோப்பானாலும் அதன் முதல் வரி ‘லாக் டைம்அவுட்’ 3 நொடி என்பதுதான். மூன்று நொடியில் பூட்டு கிடைக்காவிட்டால் கட்டளை தானே விலகிவிடும், அப்புறம் மறுபடி முயலலாம். காய் விற்க வந்தவர் வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

அந்த நாளின் இன்னொரு பாதி சீசன் முடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அதே மென்பொருள் வேறு இரண்டு இடங்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. ‘கழிவு’ சேர்த்தது ஓர் இடத்தில் மட்டும். நான் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. அடுத்த பதிப்பைப் போட்டபோது, ஓர் இடத்தில் ‘நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது’ என்று பிழை வந்தது, மற்ற இரண்டில் ‘அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை’ என்று வந்தது. எந்த டேட்டாபேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிடவே இரண்டு நாள் ஆனது.

இதற்காகத்தான், டேட்டாபேஸ் மாற்றங்களைக் கோப்புகளாக வைத்து வரிசையாக ஓட்டும் மைக்ரேஷன் கருவிகள் இருக்கின்றன. பிளைவே, லிக்விபேஸ், பைத்தானில் எழுதுவோருக்கு அலெம்பிக், ஜாங்கோவில் உள்ளேயே இருக்கும் மைக்ரேட் கட்டளை என்று பல. நான் பிளைவே வைத்திருக்கிறேன், அதை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொரு மாற்றமும் டேட்டாபேஸ் கட்டளைகளின் மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதி எண்ணிட்ட ஒரு கோப்பு. ‘வி7’, இரண்டு அடிக்கோடு, பிறகு என்ன மாற்றம் என்று சொல்லும் பெயர். ‘பிளைவே மைக்ரேட்’ என்று கொடுத்தால், இதுவரை ஓடாத கோப்புகளை மட்டும் வரிசைப்படி ஓட்டும். எது எப்போது ஓடியது, வெற்றியா தோல்வியா என்பதை அதே டேட்டாபேஸுக்குள் தனி வரலாற்று டேபிளில் பதியும். ‘பிளைவே இன்ஃபோ’ கொடுத்தால் அந்தப் பட்டியல் கண்முன் வரும். இரண்டு நாள் வேலை இரண்டு நொடியில் முடியும்.

அந்த வரலாற்று டேபிளை வில்லங்கச் சான்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரத்தில் சர்வே எண் தவறாக விழுந்துவிட்டால், பழைய பத்திரத்தை எடுத்து யாரும் அடித்துத் திருத்துவதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்றைப் புதிதாகப் பதிவார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இரண்டும் வரிசையாக நிற்கும். மைக்ரேஷனும் அப்படியே. ஓடி முடிந்த கோப்பைத் திருத்தாதீர்கள். வி7-இல் தவறு இருந்தால் வி8 எழுதுங்கள். பிளைவே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால், பழைய கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அடுத்த முறை ஓட மறுக்கும். அப்போது ‘பிளைவே ரிப்பேர்’ என்று கொடுத்து அதை வாயடைக்கச் செய்கிற பழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை. ரிப்பேர் புது செக்சம்மைப் பதிந்துகொள்ளும், அவ்வளவுதான். டேபிளில் எதையும் மாற்றாது. பதிவேடு ஒன்று சொல்லும், நிலம் வேறொன்றாகக் கிடக்கும்.

வருடக்கணக்காக ஓடும் பழைய டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டாம். இப்போதுள்ள அமைப்பை முதல் கோப்பாக எடுத்து வைத்துவிட்டு ‘பேஸ்லைன்’ கட்டளை கொடுத்தால், அங்கிருந்து கணக்கு தொடங்கும்.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போஸ்ட்கிரஸில் பெரும்பாலான ஸ்கீமா மாற்றங்கள் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும், பாதியில் தோற்றால் முழுதும் பின்வாங்கும். மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு ஆல்டரும் அந்தந்த இடத்திலேயே உறுதியாகிவிடும். ஐந்து ஆல்டர் உள்ள கோப்பு மூன்றாவதில் தோற்றால், முதல் இரண்டும் அப்படியே தங்கிவிடும். கோப்புக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றுவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். எங்கள் எடைச்சீட்டில் ‘எடை’ என்று மட்டும் ஒரு நெடுவரிசை இருந்தது. மொத்த எடையா, வண்டி எடை கழித்த நிகர எடையா என்று ஆளுக்கு ஒன்றாகப் புரிந்துகொண்டார்கள். ‘நிகர எடை’ என்று மாற்ற ஒரு வரி போதும். ஆனால் மாற்றிய நொடியில், எடைமேடைக் கணினியில் ஓடும் பழைய பதிப்பு ‘எடை’யைத் தேடும், கிடைக்காமல் விழும். எல்லாக் கணினிகளும் ஒரே நிமிடத்தில் புதுப் பதிப்புக்கு மாறாது. அதனால் வி12-இல் புது நெடுவரிசையைச் சேர்த்தோம். புதுப் பதிப்பு இரண்டிலும் எழுதியது. பழைய பதிப்பு ‘எடை’யில் மட்டும் எழுதிய சீட்டுகளை ஒரு டிரிக்கர், அதாவது சீட்டு பதிவாகும்போது டேட்டாபேஸ் தானே ஓட்டும் கட்டளை, புது நெடுவரிசையில் நிரப்பியது. பழைய வருடங்களின் சீட்டுகளை ஐயாயிரம் ஐயாயிரமாக இரவில் நிரப்பினோம். எல்லா இடமும் புதியதையே படிக்கின்றன என்று உறுதியாகும்வரை பழையதைத் தொடவில்லை.

தகவலைத் திருத்துவதும் கோப்பு வழியாகவே போகட்டும். 2004 பிப்ரவரி 9-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு முன் தொடங்கிய ஒரு விவசாயிகள் பட்டியலில் போச்சம்பள்ளி, ஊத்தங்கரைக்காரர்கள் பலர் வெகுகாலம் தருமபுரி மாவட்டத்திலேயே இருந்தார்கள். யாரோ ஓர் இடத்தில் கையால் திருத்தியிருந்தார்கள், மற்ற இடங்களில் திருத்தவில்லை. அதுவும் ஒரு மைக்ரேஷன் கோப்பாக இருந்திருந்தால் எல்லா இடத்திலும் ஒரே நாளில் சரியாகியிருக்கும்.

செய்த மாற்றத்தைத் திருப்பிப்போடும் பின்வாங்கும் கோப்பு எழுதி வைத்திருக்கிறேன், பயமில்லை என்பார்கள். நீக்கிய நெடுவரிசையை அந்தக் கோப்பு திரும்ப உருவாக்கித் தரும், உள்ளே இருந்த எடைகளைத் தராது. அதற்கு, போஸ்ட்கிரஸை நகலெடுக்கும் ‘பிஜி டம்ப்’ கட்டளையால் எடுத்த நகல்தான் துணை. அந்த நகலைத் திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நான் ஒவ்வொரு கோப்பையும் முந்தைய இரவின் நகலில் ஓட்டி, எத்தனை நொடி ஆகிறது என்று எழுதி வைத்த பிறகே உண்மையான சர்வருக்குப் போகிறேன். நகலும் சோதிக்கப்படுகிறது, கோப்பும் சோதிக்கப்படுகிறது. சோதிப்பதற்காக ஏற்றிய அந்த நகலில் மட்டும் விவசாயிகளின் போன் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் முதலில் அழித்துவிடுங்கள், அது அவர்கள் நம்பிக் கொடுத்தது.

அந்தப் பழைய ‘எடை’ நெடுவரிசையை வி19-இல்தான் நீக்கினோம். சீசன் முடிந்து, கடைசி வண்டிக்குப் பணம் பட்டுவாடா ஆகி, கணக்குப் பிரிவு அந்த வருட அறிக்கையை அச்செடுத்த பிறகு, அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூட்டு முதல் முயற்சியிலேயே கிடைத்தது. மூன்று இடங்களிலும் ‘பிளைவே இன்ஃபோ’ கொடுத்துப் பார்த்தேன், பட்டியல் வரிக்கு வரி ஒன்றாக இருந்தது.