அடித்தல் திருத்தல் இல்லாத கணக்கு நோட்டு

இரவு ஒன்பதரை மணி ஸ்டடி. அறுபது பையன்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார்கள். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமே இருக்காது. விடுதிப் பள்ளியைப் பார்க்க வரும் பெற்றோருக்கு நாங்கள் ஆசையாகக் காட்டுவது இதைத்தான். "வீட்ல அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல உட்காருவானா இவன்?" என்று அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்பார். சேர்க்கை அங்கேயே முடிந்துவிடும்.

மேற்கு மாவட்டங்களின் விடுதிப் பள்ளிகளில் பதினாறு வருடம் கணக்கு எடுத்தவன் நான். அந்த அமைதியை நானும் ரொம்ப நாள் நம்பினேன்.

நம்பிக்கை ஆட்டம் கண்டது ஒரு ஸ்லிப் டெஸ்ட்டில். பத்தாம் வகுப்பு, முக்கோணவியல். கோபுரத்தின் அடியிலிருந்து 48 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உச்சியின் ஏற்றக்கோணம் 30 டிகிரி, உயரம் என்ன என்று ஒரு கணக்கு. விடை 16 ரூட் 3. நான் 48-ஐ மட்டும் 60 ஆக்கிக் கொடுத்தேன். வகுப்பிலேயே சுத்தமான நோட்டு வைத்திருக்கும் பையன் ஸ்கேல் வைத்துப் படம் போட்டிருந்தான். டேன் 30 டிகிரி சமம் உயரம் வகுத்தல் 60 என்று சரியாகத் தொடங்கியிருந்தான். அடுத்த வரி, 60 வகுத்தல் ரூட் 3. அதுவும் சரி. கடைசி வரியில் விடை 16 ரூட் 3 மீட்டர், அடியில் இரட்டைக்கோடு.

கூப்பிட்டுக் கேட்டேன். "புக்ல அப்படித்தான சார் இருக்கு" என்றான். பயமோ குழப்பமோ துளியும் இல்லை.

அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதே கணக்கு அச்சடித்த மாதிரி ஐந்து தடவை. அதற்கு முந்தைய டெஸ்ட்டில் தப்பு விட்டதற்காகக் கொடுத்த இம்போசிஷன். கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். "தப்பு விட்ட கணக்கை அஞ்சு தடவை எழுதிட்டு வா." எங்கே தப்பு விட்டான் என்று நான் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. ஐந்து தடவை எழுதியதில் கை பழகிவிட்டது. வகுப்பதில் அவனுக்கு இருந்த தடுமாற்றம் அப்படியே இருந்தது.

இப்படிப் படித்தும் மார்க் வந்த காலம் ஒன்று இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பிளஸ் டூ கணக்குக்கு 200 மார்க் இருந்தபோது ஒரு மார்க் கேள்விகள் மட்டுமே 40. பெரும்பாலும் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்தும் 'கம் புக்' என்ற ஒரு மார்க் கேள்வித் தொகுப்பிலிருந்தும் வரும். வரிசையாக ஒப்பித்துவிடலாம். இப்போது தாள் மாறிவிட்டது. பத்தாம் வகுப்புத் தாளில் 28-ம் 42-ம் கட்டாயக் கேள்விகள், சாய்ஸ் கிடையாது. மாற்றிக் கேட்பதென்றால் பெரும்பாலும் அங்கேதான் கேட்பார்கள். ஐந்து தடவை எழுதிய பிள்ளை அங்கே பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூச்சல் போடும் வகுப்பில் கணக்கு நடத்த முடியாது. தினமும் ஒரே நேரத்தில் உட்காரும் பழக்கம் கணக்குக்கு வேறெந்தப் பாடத்தையும்விட அதிகம் தேவை, அதை விடுதி கொடுக்கிறது. ஆனால் நாங்கள் ஒழுங்கு என்று எதை அளக்கிறோம்? ஒருமுறை ஸ்டடியில் பேசியவர்கள் என்று வகுப்பு லீடர் கரும்பலகையில் ஒன்பது பெயர் எழுதி வைத்திருந்தான். ஒவ்வொருவனாக விசாரித்தேன். ஆறு பேர் பேசியது ஒரே விஷயம், எடுத்துக்காட்டுக் கணக்கில் மூன்றாவது வரி எப்படி வந்தது என்று. வார்டனைப் பொறுத்தவரை அதுவும் பேச்சுதான். முட்டி போட்டார்கள். அதற்கப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அதற்குச் சத்தம் வராதே.

தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பல விடுதிகளில் படுப்பது பதினொன்று, எழுப்புவது நாலரை. விடிகாலை ஸ்டடியில் திறந்த கண்ணோடு தூங்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்து எழுத அந்த நிலை போதும். யோசித்துப் போடும் கணக்குக்குப் போதாது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று பதினொன்றாம் வகுப்பு. இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. எல்லைகள், வகையீடு, தொகையீடு மூன்றும் ஆரம்பிப்பது பதினொன்றில். அதைத் தாண்டிக் குதித்துவிட்டு பன்னிரண்டில் வரும் வரையறுத்த தொகையிடலுக்கு வந்தால் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகஸ்ட் மாத விசிட்டர்ஸ் டேயில், பிள்ளை கையில் எந்த வகுப்புப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்படியே ரேங்க் கார்டோடு ரஃப் நோட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபேர் நோட்டைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. ரஃப் நோட்டே இல்லை என்றாலோ, இருந்தும் அதில் ஒரு அடித்தல்கூட இல்லை என்றாலோ, கணக்கு டீச்சரைப் பார்த்துப் பேச வேண்டும். "ஏன் மார்க் குறைஞ்சுது?" என்று பிள்ளையைக் கேட்காமல், "எந்த வரில மாட்டிக்கிட்ட?" என்று கேளுங்கள். நாலு பேர் முன்னால் கேட்க வேண்டாம்.

அடி விழுகிறது என்று பிள்ளை சொன்னால், அது பொதுவாக ஒருமுறைதான் சொல்லும். எட்டாம் வகுப்பு வரை, கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. எந்த வகுப்பானாலும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

நான் செய்த ஒரே மாற்றம் இது: ஸ்டடியின் கடைசி அரை மணி நேரம், வராண்டாவில் மட்டும், கணக்கைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். வார்டனிடம் சம்மதம் வாங்க இரண்டு மாதம் ஆனது. அந்த 16 ரூட் 3 பையன் முதல் வாரம் முழுக்கத் தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான்.