ஸ்கேன் காகிதத்தில் ‘நீர்க்கட்டி’ என்று இருந்தால்

போன மாதம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். வலது மணிக்கட்டின் மேல்புறம் கொட்டைப்பாக்கு அளவில் உருண்டையாக ஒரு வீக்கம். "கேன்சரா இருக்கும்னு பக்கத்து வீட்ல சொல்லுதாவ டாக்டர், உடனே வெட்டிரணும்லா?" என்றார். கூட வந்த மகளின் ஸ்கேன் காகிதத்தையும் நீட்டினார். வலது சினைப்பையில் நீர்க்கட்டி, 4 செ.மீ. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண். அம்மாவின் அழுகையில் பாதி அதற்குத்தான்.

அறுவை மருத்துவன் என்றாலும் அன்று இருவரிடமும் நான் கத்தியைப் பற்றியே பேசவில்லை.

சிஸ்ட் என்பது ஒரு பை. உள்ளே தண்ணீரோ கூழோ மாவு மாதிரி எதுவோ இருக்கும், சுற்றிலும் ஒரு சவ்வு. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் நீர்க்கட்டி என்றே பெயர். ஆனால் எந்த உறுப்பில், எதனால் வந்த பை என்பதைப் பொறுத்து வைத்தியம் அடியோடு மாறும்.

அந்த அம்மாவுக்கு இருந்தது கேங்லியான். மூட்டிலோ தசைநார் உறையிலோ இருந்து ஜெல்லி மாதிரியான திரவம் பிதுங்கி வருவது. இருட்டில் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தானாகவே வற்றிவிடும். ஊசியால் உறிஞ்சலாம், ஆனால் பாதிக்கு மேல் திரும்பவும் வரும். வலி, மரத்துப்போவது, பிடி தளர்வது என்று ஏதாவது இருந்தால், மூட்டுவரை போகும் காம்போடு சேர்த்து அறுத்து எடுப்போம். அப்படியும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. பீடிக் கூலியை நம்பியிருக்கும் கைக்கு, வலியில்லாத கட்டிக்காகச் சில வாரம் ஓய்வு கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைக்கும் பழைய வைத்தியம் மட்டும் வேண்டாம், எலும்புக்குக் கேடு.

மகளுக்கு வருவோம். மாதவிலக்கு நிற்காத வயதில், உள்ளே வெறும் நீர் மட்டும் உள்ள, 5 செ.மீ.க்குக் குறைந்த பை பெரும்பாலும் மாதாமாதம் முட்டை வளரும் பைதான். இரண்டு மூன்று சுழற்சியில் சுருங்கிவிடும். பிசிஓடி என்று சொல்வது வேறு சங்கதி. அங்கே இருப்பவை வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள். ஹார்மோன் கோளாறுதான் காரணம் என்பதால் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கும் வேலையே கிடையாது. கட்டிக்குள் கெட்டியான பகுதி தெரிந்தாலோ, பெரிதாகிக்கொண்டே போனாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு வந்திருந்தாலோ தள்ளிப்போடாமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டவேண்டும். உள்ளே முடி, கொழுப்பு, சில நேரம் பல்லும்கூட இருக்கும் டெர்மாய்டு கட்டி தானாகக் கரையாது. பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு, எடுப்பார்கள். இளம் பெண்களுக்குக் கூடியவரை சினைப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் உரித்தெடுப்பதால் குழந்தை பிறக்காது என்ற பயம் வேண்டாம். ஆனால் திடீரென்று அடிவயிற்றில் ஒரு பக்கம் தாங்கமுடியாத வலி, கூடவே வாந்தி என்றால் கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று பார்க்காமல் அந்த இரவே கிளம்பிவிடுங்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் சிறுநீரகத்தில் சாதாரண நீர்ப்பை தெரிவது நரை மாதிரி. தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம்.

நான் அதிகம் அறுப்பது தோல் கட்டிகளைத்தான். முதுகு, பிடரி, காதின் பின்புறம். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கும், அழுத்தினால் நாற்றத்தோடு மாவு மாதிரி வரும். பலர் கொழுப்புக் கட்டி என்பார்கள், இல்லை. அது தோல் உதிர்வு சேர்ந்த பை. பிதுக்கினால் சரக்கு போகும், சவ்வு இருக்கும், திரும்ப நிறையும். சவ்வோடு முழுசாக எடுத்தால்தான் தீர்ந்தது. சிவந்து சீழ் வைத்துவிட்டால் அன்றைக்குச் சீழை மட்டும் வெளியேற்றிவிட்டு, ஒன்றரை மாதம்போலக் கழித்துத்தான் பையை எடுப்போம். பார் சோப்பும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுத் தோல் வெந்துபோய் வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. அப்படி வந்த ஒருவருக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. அவருக்கே அது அன்றுதான் தெரியும்.

கடைசியாக, கிடை ஆடு போடுகிற நம் பக்கத்துக்கு வேண்டிய ஒன்று. கல்லீரலில் ஹைடாடிட் என்று ஒரு நீர்க்கட்டி வரும். நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழுவின் முட்டை, கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ நம் வயிற்றுக்குள் போய், வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். இதில் மட்டும் யாரும் சும்மா ஊசி போட்டுப் பார்த்துவிடக் கூடாது. உள்ளிருக்கும் நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், வயிறெங்கும் புதுக் கட்டிகள் முளைக்கலாம். கட்டியின் நிலையைப் பார்த்துச் சிலருக்கு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை மாதக்கணக்கில், சிலருக்கு ஸ்கேன் பார்த்தபடி தக்க முன்னேற்பாட்டோடு உறிஞ்சிக் கழுவுதல், சிலருக்கு அறுவை. செத்துப்போன கட்டி என்றால் வெறும் கண்காணிப்புகூடப் போதும்.

ஆட்டின் ஈரலிலும் இந்தக் கட்டி வரும், அதைத் தின்றுதான் நாய்க்குப் புழு வருகிறது. அதனால் கறி போடுகிற அன்று, நீர்ப்பை தெரியும் ஈரலை நாய்க்கு வீசாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கிடைநாய்க்குப் பூச்சி மாத்திரை எப்போது, எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.