கட்டுப் பிரித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி

வேலூர் பக்கம் யாருக்காவது எலும்பு முறிந்தால் வீட்டில் எழும் முதல் விவாதம், ஆஸ்பத்திரியா புத்தூர் கட்டா என்பதுதான். அரக்கோணத்தில் ரயில் ஏறினால் ஆந்திரப் புத்தூர் தூரமில்லை. தாத்தா காலத்திலிருந்து போய்வரும் குடும்பங்கள் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எங்கே கட்டினாலும் சரி, ஐம்பது வயது தாண்டியவர் விஷயத்தில் ஒரு கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. நின்ற இடத்தில் சறுக்கி விழுந்ததற்கே எலும்பு ஏன் உடைந்தது?

நான் பிசியோதெரபிஸ்ட். கட்டுப் பிரித்த பிறகுதான் என்னிடம் வருவார்கள். "கை மடங்கமாட்டேங்குது சார்" என்பது அவர்கள் கவலை. மணிக்கட்டு விறைப்பு பயிற்சியில் பெரும்பாலும் சரியாகிவிடும். என் கவலை அவர்களுடைய இடுப்பெலும்பைப் பற்றியது. இப்படி ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. அதிலும் முதல் இரண்டு வருஷம்தான் ஆபத்து அதிகம். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருஷத்துக்குள் இறந்துபோவதாகப் பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன.

முதுகெலும்பு முறிவு இன்னும் மோசம், சத்தமே இல்லாமல் நடக்கும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது முறிந்ததே தெரியாது. "வயசாச்சு, கூன் விழுது" என்று விட்டுவிடுவார்கள். இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. நம் ஊர்ப் பாட்டிகளிடம் பழைய உயரத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் பாவாடையை முன்னைவிட மேலே ஏற்றிக் கட்ட வேண்டியிருக்கிறதா என்று கேட்பேன். அப்புறம், குதிகால் படும்படி சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்வேன். பின்தலை சுவரைத் தொடவில்லை என்றால் டாக்டரிடம் எழுதி அனுப்பிவிடுவேன்.

எலும்பின் அடர்த்தியை அளப்பது டெக்ஸா ஸ்கேன். படுத்தபடி சில நிமிடம், வலி கிடையாது. அதில் வரும் டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு பலமிழந்து எளிதில் முறியும் நோய். இலவச முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் சின்னக் கருவி இதற்கு ஈடாகாது. ஸ்கேன் நன்றாக இருந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு அடர்த்தி சரியாக இருந்தும் எலும்பு உடையும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அடர்த்தி கூடுதலாகவே காட்டலாம், ஆனால் எலும்பில் பலம் இருக்காது. சாதாரணமாக விழுந்து இடுப்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், ஸ்கேன் எண் எதுவானாலும் அது ஆஸ்டியோபோரோசிஸ்தான். கூடவே கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் தேவை. மூட்டுவலிக்கு ஊர் பெயர் இல்லாத பொடி சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். எலும்பை அரிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

வைட்டமின் டி குறைவு என்றால் எல்லோரும் கேட்பது, "வேலூர் வெயில்ல இன்னா சார் குறையப்போவுது?" குறைகிறதே! குடியாத்தம் பக்கம் நாள் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள் மேல் எங்கே வெயில் படுகிறது? விடியற்கால இளவெயிலில் நடந்தால் போதும் என்பதும் சரியில்லை. தோலில் இந்த வைட்டமினை உண்டாக்கும் கதிர் காலை பத்துக்கு மேல்தான் போதிய அளவு வரும். வயதானால் தோலின் திறனும் குறையும், அதனால் பலருக்கு மாத்திரையே தேவைப்படும். சாப்பாட்டில் நம்மூர் கேவுரு (கேழ்வரகு) களிக்கு இணை குறைவு: 100 கிராம் மாவில் சுமார் 350 மி.கி. கால்சியம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. வேண்டும். இரண்டு டம்ளர் டீயில் இருக்கும் பாலை நம்பிப் பயனில்லை.

"கால்சியம் மாத்திரை சாப்பிடறேனே" என்பார்கள். அது வெறும் அடிப்படை. எலும்பு தேய்வதைத் தடுக்கும் மருந்து வேறு: வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, அல்லது வருஷம் ஒரு சோலெட்ரோனிக் அமில ஊசி. இடுப்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இந்த ஊசியைப் பரிசோதித்து 2007-ல் வெளியான ஆய்வில், புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் கேட்காமல் வந்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி என்றால் அடுத்த தேதியைத் தள்ளிப்போடவே கூடாது. நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிய வாய்ப்பு உண்டு.

விழாமல் இருப்பதுதான் என் துறை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா பாருங்கள். எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடிக்கு மேல் ஆனால் கால்களுக்குப் பயிற்சி தேவை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே காலை மாலை பத்து முறை செய்யலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். முதுகெலும்பு முறிந்தவர்கள் குனிந்து குடம் தூக்கக் கூடாது. வீட்டுக்கே வந்து பயிற்சி தர 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் உண்டு, பி.பி. மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் கேளுங்கள்.

சிமென்ட் தரையை மாற்றி வழவழ டைல்ஸ் போட்ட வீடுகளில், ராத்திரி பாத்ரூம் போகும்போதுதான் பலர் விழுகிறார்கள். வழியில் சின்ன விளக்கு, சுவரில் கைப்பிடி, தேய்ந்த ஹவாய் செருப்புக்கு ஓய்வு. பி.பி. மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுபவர்கள் கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். ஊன்றுகோல் என்றால் நிறைய பேருக்குக் கௌரவக் குறைச்சல். வாங்கியவர்களும் வலிக்கிற கால் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்கட்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.