கார்டு ஒன்றுதான், எண் ஏன் மாறுகிறது?

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தார். பழைய கார்டில் விநாடிக்கு 74 ஃபிரேம் (திரையில் வரும் படங்கள்) வந்த கேமில், புதியதில் 71தான் வருகிறதாம். "டூப்ளிகேட் கார்டைத் தலையில கட்டிட்டாங்கண்ணா" என்றபோது அவர் குரலே இறங்கிவிட்டது.

கேமை ஓடவிட்டுப் பார்த்தேன். கார்டின் பயன்பாடு 60 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. அதற்குப் போதிய வேலை வந்து சேரவில்லை என்று அர்த்தம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால், 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. "கார்டு மாத்தும்போது பயாஸ் பேட்டரியைக் கழட்டுனீங்களா தம்பி?" கழற்றியிருக்கிறார், டிஸ்ப்ளே வரவில்லை என்று. அதோடு, ரேமை அதன் ஸ்டிக்கர் வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பும் அழிந்து போய்விட்டது. அதை மறுபடி ஆன் செய்ததும் அதே கேமில், அதே இடத்தில் 86 ஃபிரேம் வந்தது.

அவர் ஒப்பிட்டது இரண்டு கார்டுகளை அல்ல, இரண்டு ரேம் வேகங்களை. இந்தத் தவறை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். நல்ல கார்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், தேவையில்லாததற்குப் பணம் கொட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சோதனையில் கார்டு ஒன்றுதான் மாற வேண்டும். ரேம், பிராசஸர், விண்டோஸ் அப்டேட், கேமின் பதிப்பு, செட்டிங் எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போடும் வி-சிங்க்கையும் ஃபிரேம் லிமிட்டையும் அணைத்துவிடுங்கள். 1080பி ரெசல்யூஷனில் வேகமான இரண்டு கார்டுகளும் ஒரே எண்ணைக் காட்டினால், பெரும்பாலும் பிராசஸர்தான் தடையாக நிற்கிறது. ரெசல்யூஷனைக் கூட்டி, கார்டின் பயன்பாடு 97 சதவீதத்துக்கு மேல் போனபிறகு அளந்தால்தான் கார்டின் பலம் தெரியும். மதர்போர்டையும் கவனியுங்கள். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நான்கு பிசிஐஇ லேன்கள்தான், அதாவது போர்டுக்கும் கார்டுக்கும் இடையே தரவு போகும் பாதைகள். நான்காம் தலைமுறை போர்டில் ஒரு மாதிரி ஓடும் அது, மூன்றாம் தலைமுறை போர்டில் பல கேம்களில் திணறும்.

நம் ஊரில் யாரும் கணக்கில் எடுக்காதது வெயில். இன்றைய கார்டுகள் சூட்டைப் பார்த்துத் தங்கள் வேகத்தைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. குளிர்ந்த கார்டில் முதல் இரண்டு நிமிடம் வரும் எண், அரை மணி நேரம் விளையாடிய பிறகு வராது. ஏசி அறையில் எடுத்த வீடியோவை நம்பி வாங்கிவிட்டு, சென்னையில் மே மாதம் மாடி அறையில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான் கேபினெட் மூடியைப் போட்டு, 15 நிமிடம் கேமை ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகுதான் அளக்கத் தொடங்குவேன். அறை வெப்பநிலையையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்வேன். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) அப்போதுதான் தயாராகும், அங்கங்கே தடுக்கும். அதன்பின் ஒரே பாதையில் மூன்று முறை ஓட்டுவேன். மூன்றும் ஒட்டிவராவிட்டால் வேறு எங்கோ கோளாறு. அதைக் கண்டுபிடிக்காமல் எண்ணை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சராசரி ஃபிரேமை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு விநாடியில் 59 ஃபிரேம்கள் 13 மில்லி விநாடிக்கு ஒன்றாக வந்து, ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 233 மில்லி விநாடி எடுத்தால், கணக்குப்படி 60 ஃபிரேம்தான். ஆனால் கால் விநாடி திரை உறைந்து நிற்கும், எதிரி உங்களைச் சுட்டிருப்பான். 2011-இல் டெக் ரிப்போர்ட் இணையதளத்தின் ஸ்காட் வாசன் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் வரைபடமாகப் போட்டுக் காட்டியதற்குப் பிறகுதான் விமர்சகர்கள் பரவலாக இதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். இன்று இதை அளக்கும் பிரசென்ட்மான், கேப்ஃபிரேம்எக்ஸ் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். சராசரியோடு ஒரு சதவீத லோ எண்ணையும், அதாவது மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தையும் பாருங்கள். இரண்டு கார்டுக்கும் ஒரே மென்பொருளில் எடுங்கள், ஏனென்றால் அந்த எண்ணைக் கணக்கிடும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும்.

குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவற்றை முதலில் அணைத்துவிட்டு அளந்து, பிறகு தனியாக அளக்கலாம். ஃபிரேம் ஜெனரேஷன் போட்ட எண்ணை, போடாத எண்ணோடு ஒரே பட்டியலில் வைக்காதீர்கள். இடையில் செருகப்பட்ட ஃபிரேம்கள் படத்தை வழவழப்பாக்கும், ஆனால் மவுஸை அசைத்ததற்குக் கிடைக்கும் பதிலை வேகப்படுத்தாது.

படத்தின் தரத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்த ஒரு பழைய காரணம் உண்டு. 2001-இல் ஏடிஐ ரேடியான் 8500-இன் டிரைவர், குவேக் 3 கேமின் பெயரைக் கண்டுகொண்டு படத்தின் தரத்தைக் குறைத்து வேகம் காட்டியது. கேம் ஃபைலின் பெயரை 'குவாக்' என்று மாற்றியதும் வேகம் இறங்கியது, படம் தெளிவானது.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விற்பவர் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் போதாது. 30 நிமிடம் முழுச் சுமையில் ஓடட்டும். சூடு, கிளாக் வேகம், ஃபேன் சுழற்சி மூன்றையும் தொடக்கத்தில் ஒரு படம், முடிவில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு விலை பேசுங்கள்.