அக்ரூட் மரம்தானா? குச்சியைப் பிளந்து பாருங்கள்

வால்நட், அக்ரூட் என்ற பெயர்களுக்குள் உறவே இல்லாத பல மரங்கள் இருக்கின்றன. மளிகைக் கடையில் நாம் வாங்கும் கொட்டை, காஷ்மீரில் விளையும் ஜக்லன்ஸ் ரீஜியா மரத்தினுடையது. தமிழில் நாட்டு அக்ரூட் எனப்படுவது ஆமணக்குக் குடும்பத்து மரம். மரக்கடையில் ‘ஈஸ்ட் இண்டியன் வால்நட்’ என்று பலகை காட்டினால், அது பெரும்பாலும் நம் ஊர் வாகை. பலகையில் ஏமாந்தால் பணத்தோடு போய்விடும், கொட்டையில் ஏமாந்தால் உடம்புக்கு ஆபத்து. நாட்டு அக்ரூட் பருப்பைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் கடும் பேதியும் வரும்.

பருப்பைப் பார்த்தே பிரித்துவிடலாம். அசல் அக்ரூட்டின் ஓடு இரண்டு பாதிகளாகப் பிளக்கும். உள்ளே பருப்பு மூளை போல மடிந்து மடிந்து இருக்கும். நாட்டு அக்ரூட்டின் பருப்பு மடிப்பில்லாமல், வெளுத்து, மெழுகுபோல் எண்ணெய்ப் பசையோடு இருக்கும். அதன் இலை கூட்டிலை அல்ல, ஒற்றை இலை. இளந்தளிரில் மாவு தூவியது போன்ற வெண்மை தெரியும்.

மரமாக நிற்கும்போது எங்கள் முதல் சோதனை கத்திதான். சென்ற ஆண்டு வளர்ந்து முற்றிய குச்சி ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுச்சோறு (குச்சியின் நடுவே உள்ள மென்மையான பகுதி) ஏணிப்படி போலக் குறுக்குத் தடுப்புகளோடு அறை அறையாக இருந்தால், அக்ரூட் இனம் என்று பெரும்பாலும் நம்பலாம். இந்த ஆண்டின் பச்சைக் குச்சியில் தேடாதீர்கள். அறைகள் இன்னும் உருவாகியிருக்காது. காஷ்மீரில் தானாகப் பரவிக் கிடக்கும் அயிலாந்தஸ் (நம் பெருமரத்தின் இனம்) தூரத்தில் அக்ரூட் போலவே தெரியும். அதன் சோற்றில் அறைகள் இருக்காது. இலையைக் கசக்கினால் குமட்டும். அக்ரூட் இலையைக் கசக்கினால் காரமான நறுமணம் வரும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் இலைத் தழும்பைப் பாருங்கள்: மூன்று புள்ளிகளோடு குரங்கு முகம் போல இருக்கும்.

அக்ரூட்டிலேயே இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். ரீஜியாவுக்கு ஓர் இலையில் பெரும்பாலும் 5 முதல் 9 சிற்றிலைகள். விளிம்பில் பல் இருக்காது, நுனிச் சிற்றிலைதான் பெரியது. இளமரத்துப் பட்டை வழவழப்பான சாம்பல் நிறம். வட அமெரிக்காவின் கறுப்பு அக்ரூட்டுக்கு 15 முதல் 23 வரை சிற்றிலைகள், விளிம்பில் நுண்பற்கள். நுனிச் சிற்றிலை சிறுத்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. பட்டை கருத்து, ஆழமாக வெடித்திருக்கும். ரீஜியாவின் பச்சைத் தோல் பழுத்ததும் தானே வெடித்துக் கொட்டையை விடும். கறுப்பு அக்ரூட்டில் அது கொட்டையோடு ஒட்டியே கிடக்கும்.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம். கறுப்பு அக்ரூட்டின் வேரிலும் இலையிலும் தோலிலும் ஜக்லோன் என்ற நச்சாக மாறும் பொருள் மிகுதி. அதன் வேர் பரவிய மண்ணில் தக்காளி, உருளை, கத்தரி வாடிச் செத்துவிடும். தண்ணீர் குறைந்ததென்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், பயனிருக்காது. அந்த மரத்தின் இழைப்புத் தூளைக் குதிரை லாயத்தில் பரப்பினால் குளம்பு வீங்கிக் குதிரை நடக்க முடியாமல் போகும். ரீஜியாவில் இந்த நச்சு குறைவு. ஆனாலும் பச்சைத் தோலைக் கையுறை இல்லாமல் உரித்தால் கை பல நாள் கறுத்தே இருக்கும்.

உரிப்பதைத் தள்ளிப்போடவும் கூடாது. தோலோடு குவித்து வைத்தால் உள்ளே பருப்பு கறுக்கும், விலை சரியும். காயவைக்கும் சூடு 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எண்ணெய் கெட்டுக் காறல் தட்டும். ஈரம் 8 சதவீத அளவுக்கு இறங்கியதும் நிறுத்திவிடலாம்.

காஷ்மீரில் ஓட்டின் கனத்தை வைத்தே கொட்டையைப் பிரிப்பார்கள்: கையால் உடைவது காகசி, நடுத்தரம் புர்சுல், சுத்தியல் கேட்பது வோன்ட். அங்கே பழைய மரங்கள் பெரும்பாலும் விதையில் முளைத்தவை, 25 மீட்டர் வரைகூட உயர்ந்தவை. செப்டம்பரில் உச்சிக்கு ஏறி நீளக் கழியால் அடித்து உதிர்க்கிறார்கள். ஆண்டுதோறும் விழுந்து இறப்பவர்களும் முதுகெலும்பு முறிந்து படுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். குட்டையாக வளர்க்கக்கூடிய ஒட்டுக் கன்றுகளை நாங்கள் விடாமல் வலியுறுத்துவது இதனால்தான். விதைக் கன்று காய்க்க 10 ஆண்டுக்கு மேலாகும். ஒட்டுக் கன்று 4, 5 ஆண்டில் காய்க்கத் தொடங்கும்.

கன்று வாங்கும்போது தண்டின் அடியில் ஒட்டுத் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரே ரகத்தை மட்டும் நடாதீர்கள். ஒரே மரத்தில் ஆண், பெண் பூக்கள் இரண்டும் இருந்தாலும் பெரும்பாலும் வெவ்வேறு நாளில் மலரும், மகரந்தம் காற்றில்தான் போக வேண்டும். தண்ணீர் தேங்கும் நிலம் வேண்டாம், வேர் அழுகிவிடும். சமவெளித் தமிழகத்தில் காய்க்கும் என்று யாராவது கன்று விற்றால் வாங்காதீர்கள்: ரகத்தைப் பொறுத்து 700 முதல் 1500 மணி நேரம் வரை குளிர் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும்.