தீர்ப்பு வரும்வரை அந்த மாணவி எங்கே உட்காருவாள்?

"நாளைக்கு லேபுக்குப் போகணுமே மேடம், அவரும் இருப்பாரே."

பல்கலைக்கழக உளவியல் ஆலோசகரான என்னிடம், பாலியல் தொல்லை பற்றிச் சொல்ல வரும் மாணவிகள் பலருக்கு முதல் கவலை இதுதான். தண்டனை பற்றிய பேச்சு பிறகுதான் வரும், சிலருக்கு வருவதே இல்லை.

விசாகா கமிட்டி என்று எல்லோரும் சொல்கிற உள்ளகப் புகார்க் குழுவோ விசாரணை, அறிக்கை, நடவடிக்கை என்ற மூன்றிலேயே குறியாக இருக்கும். விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. முடிந்தாலுமே, அதற்குள் ஒரு செமஸ்டர் ஓடிப்போயிருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2015 விதிமுறைகள் இதற்கு இடைக்கால நிவாரணம் என்ற வழியை வைத்திருக்கின்றன. விசாரணை நடக்கும்போதே விடுப்பு தரலாம், அட்டெண்டன்ஸில் தளர்வு தரலாம், துறையையோ நெறியாளரையோ மாற்றலாம். இடம் மாற வேண்டியவர் புகார் கொடுத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, எதிர்த்தரப்பையும் மாற்றலாம். அவர் இவளுடைய தேர்வையோ ஆய்வையோ மதிப்பிடாமல் தடுக்கலாம். "நிரூபணம் ஆகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்ற பதில் விதிக்கே முரண்.

நெறியாளரான கைடின் மீதே புகார் கொடுத்த பிஹெச்டி மாணவியின் கதை இன்னும் சிக்கல். 'கைடை மாற்றுக' என்று எழுத ஒரு வரி போதும். ஆனால் ஆய்வுத் தலைப்பு அவர் கொடுத்தது, ப்ராஜெக்ட் பணம் அவர் பெயரில் வருவது, கருவி இருப்பது அவர் லேபில், ஃபெலோஷிப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவரும் அவரே. அதனால் இனி யார் கையெழுத்துப் போடுவார், எந்த லேபில் எந்த நேரம் வேலை, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு யார் உட்காருவார் என்பதெல்லாம் உத்தரவிலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். இல்லாவிட்டால் உத்தரவு கையில் இருந்தும் அவள் பழைய கைடின் அறை வாசலில்தான் நிற்பாள்.

இன்னொன்று, பார்க்கச் சிறியது. புகாரை ஆறு பிரதிகளாகத் தர வேண்டும் என்கிறது, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டத்தின் விதி. வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு அந்தப் பெண் வளாக ஜெராக்ஸ் கடை வரிசையில் நிற்கிறாள்; சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலுக்கே தெரிந்துவிடுகிறது. பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்லி என்ன பயன்? குழுவின் அலுவலகத்திலேயே பிரதி எடுத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

"பையனோட வாழ்க்கை போயிடும்மா, பேசி முடிச்சுக்கலாம்" என்று துறைத் தலைவர் கூப்பிட்டுப் பேசுவதும் நடக்கிறது. புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசம், அதிலும் பணத்தை வைத்து முடிக்கக் கூடாது என்கிறது 2013 சட்டம். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்றோர் குழுவில் உறுப்பினராகவே இருக்க முடியாது என்பது யுஜிசி விதி. அந்தக் குழுவின் வேலையை அவர்கள் வெளியே இருந்து செய்தால் மட்டும் சரியாகிவிடாது.

புகாருக்கு ஆளானவருக்கும் தூக்கம் கெடும். அவருக்கும் ஓர் ஆலோசகர் தேவை, ஆனால் அதே ஆலோசகர் கூடாது. சாட்சி சொன்ன அறைத்தோழியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பழிவாங்கலிலிருந்து அவளையும் காக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. ஆண் மாணவர்களும் திருநர்களும்கூடப் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை அதே விதிமுறைகள் ஏற்கின்றன. புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்பதையும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதும் மனநிலையில் இல்லாதவருக்காகத் தோழியோ உளவியலாளரோ கொடுக்கவும் வழி உண்டு. ஆலோசனைக்கு வர மட்டும் எந்தப் புகாரும் தேவையில்லை, கெடுவும் இல்லை.

இடைக்கால நிவாரணத்தை வாயால் கேட்காதீர்கள். என்ன வேண்டும் என்று தனித் தாளில் எழுதிக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.